ஏழரை எழுதிய விண்ணப்பம்

அவருக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவர் கூட வேலை பார்த்த ஒரு வெல்டர். கட்டுப் பிரித்துவிட்டுப் பட்டறைக்கு வந்த முதல் நாள், இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் ஒளித்தபடி நுழைந்தவரை வெல்டர் வாசலிலேயே மறித்தார். கையை வெளியே இழுத்துப் பார்த்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு இல்லை, மோதிர விரலில் பாதிதான் மிச்சம். வெல்டர் மனக்கணக்குப் போட்டார். "பத்துல ரெண்டரை போனா ஏழரை. எல்லாருக்கும் ஏழரை பிடிக்கும், நீ ஏழரையாவே ஆயிட்டியேப்பா!" என்றார். பட்டறை முழுக்கச் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். அன்றைக்குச் சிரிக்காவிட்டால் அழுதிருப்பேன் என்று பிற்பாடு மனைவியிடம் சொன்னார். அதன் பிறகு சொந்தப் பெயர் வங்கிப் புத்தகத்தோடு நின்றுபோனது. ஊருக்கு அவர் ஏழரைதான்.

அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. அந்த நகரத்தின் கிழக்குப் பக்கம் முழுக்கத் தகரக் கூரை போட்ட பட்டறைகள், முந்நூறுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றிலும் பிரஸ் மெஷின். இரும்புத் தகட்டை உள்ளே வைத்துக் காலால் பெடலை மிதித்தால், மேலேயிருந்து அச்சு இறங்கி ஒரே குத்தில் தகட்டைக் கதவுக் கீலாகவோ, விசிறி மூடியாகவோ, வண்டியின் ஏதோ ஒரு பாகமாகவோ ஆக்கிவிட்டு மேலே போகும். கை உள்ளே போய் வெளியே வர வேண்டும். கால் மிதிக்க வேண்டும். நாளெல்லாம் இரண்டும் முன்பின் மாறாமல் நடக்க வேண்டும். ஒரு தரம் மாறினால் போதும்.

அவருடைய முதலாளி மோசமான ஆள் இல்லை. "கை போனவனை நான் கைவிட மாட்டேன்" என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லி, அவரை செட்டர் ஆக்கினார். மற்றவர்களுடைய மெஷினில் அச்சைப் பூட்டி, அளவு சரிபார்த்து, ஓடவிட்டுக் கொடுப்பது செட்டரின் வேலை. ஏழரைக்கு அந்த வேலை பிடித்திருந்தது. மெஷினின் சத்தத்தை வைத்தே எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இப்படி நான்கு வருடம் போனது.

நான்காவது வருடம் ஒரு காலை, ஆறாம் நம்பர் மெஷினில் இருந்த கைத்தடுப்பைக் கழற்றினார். தடுப்பு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கை உள்ளே இருக்கும்போது அச்சு இறங்காமல் பார்த்துக்கொள்ளும் ஒரு கம்பிச் சட்டம். நான்கு போல்ட். அது இருந்தால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். சரக்கு மாலைக்குள் போயாக வேண்டும் என்று சூப்பர்வைசர் குரல் கொடுத்தார், இவர் ஸ்பேனரை எடுத்தார். அதற்கு முன்பும் எத்தனையோ தரம் கழற்றியிருக்கிறார், சாயங்காலம் மறுபடி மாட்டியும் இருக்கிறார். அன்று பகல் இரண்டு மணிக்கு அந்த மெஷினில் புதிதாக வந்து உட்கார்ந்த பெண்ணுக்கு, அதில் தடுப்பு என்று ஒன்று இருந்ததே தெரியாது. வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் நாள் அவளுக்கு. மூன்றரை மணிக்கு வலது கையில் நான்கு விரலும் போயின.

அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் ஏழரைதான். விரல்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுபோனவரும் அவர்தான். மறுநாள் விபத்துப் பதிவேட்டில் 'தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்தது' என்று எழுதி, அதன் கீழே சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அதையும் செய்தார்.

ஆறு மாதம் பொறுத்துப் பார்த்தார். ஆறாம் நம்பர் மெஷினைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போனார். வேலையை விட்டார். மனைவி ஒரு மழலையர் பள்ளியில் ஆயாவாக இருந்ததால் அடுப்பு எரிந்தது. இவர் தொழிலாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். இழப்பீடு கேட்டு அலைகிற கை போனவர்கள், கால் போனவர்கள் எல்லாம் அவரைத் தேடி வந்தார்கள். ஒரு நாள் அந்த வரிசையில் அவள் நின்றாள். "அண்ணே, நீங்கதானே என்னைத் தூக்கிட்டுப் போனது?" என்று கேட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இவர் பேனாவை எடுத்தார். அவளுக்கு மனு எழுதிக் கொடுத்தார். 'கவனக்குறைவு' என்ற ஒரு சொல்லால் இழப்பீடு பாதியாகக் குறைந்தது.

அடுத்த வருடம் இருவரும் இன்னும் ஐந்து பேருமாகச் சேர்ந்து சங்கத்தைத் தொடங்கினார்கள். அவள் தலைவி, இவர் செயலாளர். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறை, ஒரு இரும்பு அலமாரி, நான்கு நாற்காலி. சங்கத்தில் ஒரு பழைய வேடிக்கை உண்டு. கை தூக்கி ஓட்டுப் போடச் சொன்னால் எண்ணிக்கை சரியாக வராது என்பார்கள். புதிதாக வருகிறவர்கள் திடுக்கிடுவார்கள், ஒரு வருடம் கழித்து அவர்களே அதை இன்னொருவரிடம் சொல்லிச் சிரிப்பார்கள்.

அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, படிவம் நிரப்புவது, விசாரணைக்குக் கூடப் போவது. இதுதான் சங்கத்தின் வேலை. அலமாரியில் ஒரு ஆளுக்கு ஒரு கோப்பு. பதினேழு வருடத்தில் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. ஏழரை எழுதிய மனு திரும்பி வராது என்று ஊரில் பேர். இடது கையின் மிச்ச விரல்களால் தாளை அழுத்திக்கொண்டு, வலது கையால் அச்சடித்த மாதிரி எழுதுவார்.

இந்தச் சமயத்தில்தான் சங்கத்துக்காகப் பணம் வாங்காமல் வாதாடும் வக்கீலம்மா ஒரு தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"ஒரு அறக்கட்டளை நிதி தராங்க. ஏழு வருஷத்துக்கு. இந்த மாதிரி நீண்ட காலத்துக்கு யாரும் தர மாட்டாங்க. எழுதிப் பாருங்களேன்."

"எதுக்குத் தராங்களாம்?"

"நிவாரணத்துக்கு இல்லை. அது தெளிவாப் போட்டிருக்கு. ஒரு பிரச்சினை திரும்பத் திரும்ப வராம இருக்கணும்னா ஊருல எது மாறணுமோ, அதை மாத்துறதுக்கு."

ஏழரைக்கு நம்பிக்கை பொங்கியது. மனு எழுதுவதில் அவரை மிஞ்ச ஆள் ஏது? நாற்பது பக்கம் எழுதினார். கைகளின் புகைப்படங்களை ஒட்டினார். அனாதையாகக் கிடந்த குடும்பங்கள், பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளைகள், எட்டு வருடம் இழுத்த வழக்குகள் என்று படிக்கிறவர் நெஞ்சு கனக்கும்படி எழுதினார். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஒரே பக்கம்.

'உங்கள் சேவையை மதிக்கிறோம். நீங்கள் எழுதியிருப்பது எல்லாம் கை போன பிறகு நடப்பவை. கை போகும் வரை என்ன நடக்கிறது என்பதை இந்த நாற்பது பக்கத்தில் எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. விரும்பினால் அடுத்த ஆண்டு விண்ணப்பியுங்கள்.'

அவருக்கு ரத்தம் கொதித்தது. "ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு நாள் வந்து நிக்கச் சொல்லுங்க அவங்களை! ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டுக் கேள்வி கேக்கறாங்க" என்று கத்தினார்.

தலைவி கடிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்தாள். நாற்பத்து மூன்று வயதாகியிருந்தது அவளுக்கு. இடது கையால் எழுதப் பழகி, பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை நடத்திக்கொண்டிருந்தாள். அதிகம் பேச மாட்டாள்.

"சரியாத்தானே அண்ணே கேட்டிருக்காங்க" என்றாள். "இத்தனை வருஷமா நாம கட்டுப் போட்டுட்டே இருக்கோம். ஆரம்பத்துல மாசத்துக்கு அஞ்சு பேர் வந்தாங்க. இப்பவும் அஞ்சு பேர்தான் வராங்க."

அவர் அலமாரியில் அடுக்கியிருந்த கோப்புகளைப் பார்த்தார்.

அடுத்த ஆண்டுப் படிவம் வந்தது. அதில் மூன்றாவது கேள்வி இப்படி இருந்தது: 'உண்மையாக நடந்த ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஏன் நடந்தது என்று கேளுங்கள். கிடைத்த பதிலைப் பார்த்து மறுபடி ஏன் என்று கேளுங்கள். இதற்கு மேல் கேட்க முடியாது என்ற இடம் வரை போங்கள். சம்பந்தப்பட்டவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து இதைச் செய்யுங்கள்.'

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செயற்குழு கூடியது. சுவரில் கரும்பலகை. எந்தச் சம்பவத்தை எடுப்பது என்று பேச்சு வந்ததும் ஆளுக்கு ஆள் தயங்கினார்கள். தன் வலியைப் பலகையில் எழுதிப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்கும்?

"என்னோடதை எடுத்துக்கலாம்" என்றாள் தலைவி. "பத்தொம்பது வருஷம் ஆச்சு. ஆறிப்போனது. யாரும் சங்கடப்பட வேண்டாம். அண்ணே, நீங்க எழுதுங்க."

ஏழரை சாக்கட்டியை எடுத்தார்.

"கை ஏன் போச்சு? அச்சு இறங்கிடுச்சு. எழுதுங்க. அச்சு இறங்கறப்போ கை ஏன் உள்ள இருந்தது? பீஸ் சிக்கிடுச்சு, எடுக்கப் போனேன். கை உள்ள இருக்கறப்போ அச்சு ஏன் இறங்குச்சு? தடுப்பு இல்லை." யாருடைய கதையையோ சொல்வது மாதிரி நிதானமாகச் சொன்னாள். "தடுப்பு ஏன் இல்லை?"

"அந்தக் காலத்து மெஷின்ல தடுப்புக்கு எங்க போறது? முதலாளி வாங்கியிருக்க மாட்டான்" என்றார் கட்டைவிரல் போன ஓர் உறுப்பினர். எல்லோரும் தலையாட்டினார்கள். ஏழரை பலகைப் பக்கம் திரும்பி நின்று, 'முதலாளி வாங்கவில்லை' என்று எழுதினார். எழுத்து கோணிக்கொண்டு போனது. வெயில் ஜாஸ்தி, தலை சுற்றுகிறது என்று சொல்லிக் கூட்டத்தைப் பாதியில் முடித்தார்.

வீட்டுக்குப் போனால் சாப்பாடு இறங்கவில்லை. மழலையர் பள்ளிப் பிள்ளைகளின் யூனிஃபார்மை மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். கையெழுத்துப் போட்ட கதை அவளுக்குத் தெரியும். தடுப்பைக் கழற்றிய கதை தெரியாது. அன்றைக்குத்தான் சொன்னார். நான்கு போல்ட், ஸ்பேனர், காலை எட்டு மணி. ஒன்றையும் விடாமல் சொன்னார்.

அவள் மடித்த சட்டையை மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள். "இதை வெச்சுக்கிட்டா இத்தனை நாளா அவ மூஞ்சியைப் பாத்துட்டு இருந்தீங்க?" என்றாள்.

"சொல்லணும்னு ஒவ்வொரு வருஷமும் நினைப்பேன். அப்புறம் யாராவது ரத்தமும் கையுமா வந்து நிப்பாங்க. வேலை வந்துடும்."

"நல்ல வேலை கிடைச்சது உங்களுக்கு, ஒளிஞ்சுக்க."

சுருக்கென்று தைத்தது. அவர் தட்டை நகர்த்தி வைத்தார்.

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"அந்தப் படிவத்துல பொய் எழுத முடியல. எழுதினா அதுக்கு மேல கேள்வி ஓடவே மாட்டேங்குது. முதலாளி வாங்கலைன்னு எழுதிட்டா அவ்வளவுதான், வாங்கிக் கொடுத்தா முடிஞ்சு போச்சு. ஆனா வாங்கித்தானே வெச்சிருந்தான்? இருந்ததை நான் ஏன் கழட்டினேன்? அங்கதான் விஷயமே இருக்கு."

"அப்ப முதல்ல அவகிட்டப் போய்ச் சொல்லுங்க. படிவத்துல படிச்சு அவ தெரிஞ்சுக்கக் கூடாது" என்றாள் மனைவி.

திங்கட்கிழமை காலை ஜெராக்ஸ் கடைக்குப் போனார். தலைவி ஒரு மாணவியின் சான்றிதழ்களை நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் போகும்வரை காத்திருந்தார். பிறகு, உட்காரச் சொல்லியும் உட்காராமல், நின்றபடியே சொன்னார்.

"அந்த மெஷின்ல தடுப்பு இருந்தது. அன்னிக்குக் காலைல நான்தான் கழட்டினேன்."

அவள் கண்ணாடிமேல் இருந்த தாளை எடுக்காமல் நின்றாள். மெஷினின் மூடி திறந்தே கிடந்தது.

"அதுல தடுப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நான் வர்ற வரைக்குமா?"

"எட்டு மணி வரைக்கும்."

வெளியே பேருந்துகள் போய் வந்துகொண்டிருந்தன. ஒருவர் வந்து அடையாள அட்டை நகல் கேட்டார். இடது கையால் வாங்கி எடுத்துக் கொடுத்து, சில்லறையும் எண்ணிக் கொடுத்து அனுப்பினாள். பிறகு இவர் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டது நீங்கன்னு எனக்குத் தெரியும். விசாரணை முடிஞ்சப்பவே கோர்ட்டுல நகல் கொடுத்தாங்க. படிச்சேன். பாவம், வேலைக்குப் பயந்து போட்டிருப்பார்னு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கிட்டேன். என்னைத் தூக்கிட்டு ஓடினவர் ஆச்சேன்னு விட்டேன். ஆனா இது..." நிறுத்தினாள். "மூணாம் நாள் அவசரப்பட்டுட்டோம், நம்ம தப்புதான்னு இத்தனை வருஷமா நான் என்னையே திட்டிட்டு இருந்தேன். உங்களுக்குத் தெரியுமா அது?"

"தெரியாது."

"நீங்க போங்க."

மூன்று வாரம் அவள் சங்கத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஏழரை ராஜினாமாக் கடிதம் எழுதி மேசை இழுப்பறையில் வைத்தார். வக்கீலம்மாவிடம் இந்த ஆண்டு விண்ணப்பம் போகாது என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்டபோது, "எழுத வேண்டியது என் கதை மட்டும் இல்லைங்கம்மா. அவங்க சம்மதம் இல்லாம ஒரு வரி எழுத மாட்டேன்" என்றார். அந்த மூன்று வாரத்திலும் ஆட்கள் வந்தார்கள். நான்கு பேர். படிவம் நிரப்பினார், ஆஸ்பத்திரிக்குப் போனார், வந்தார். வேலை ஓடியது, மனசு ஓடவில்லை.

கடைசித் தேதிக்கு ஆறு நாள் இருக்கையில் தலைவி மாடிப்படி ஏறி வந்தாள். ஒரு தாளை மேசைமேல் வைத்தாள். பழைய பழுப்புத் தாளின் நகல்.

"சூப்பர்வைசரைத் தேடிப் போனேன். மகள் வீட்டுல இருக்கார். கண்ணு சரியாத் தெரியல. கேட்டேன், ஏன் சார் கழட்டச் சொன்னீங்கன்னு. முதல்ல ஞாபகம் இல்லைன்னார். உக்காந்துட்டே இருந்தேன். அப்புறம் பெட்டியைத் திறந்து இதை எடுத்துக் கொடுத்தார். தன் மேல பழி வந்தா காட்டலாம்னு பத்திரமா வெச்சிருந்தாராம்."

அது ஆர்டர் தாள். சரக்கு வாங்கும் பெரிய கம்பெனி அனுப்பியது. ஒவ்வொரு பாகத்துக்கும் எவ்வளவு நேரம் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தது. ஆறாம் நம்பர் மெஷினில் அன்றைக்கு ஓடிய விசிறி மூடி: நான்கு வினாடி. அந்தக் கணக்கில்தான் விலை.

ஏழரை அதைப் பார்த்தபடியே இருந்தார். "தடுப்போட ஓட்டினா ஆறு செகண்டு ஆகும்" என்றார் மெல்ல. "ஆறுக்குக் கீழ எவனாலயும் முடியாது."

"அதைத்தான் அவரும் சொன்னார். இந்தத் தாள் வந்த அன்னிக்கே தடுப்பு கழண்டாச்சு, செட்டர் சும்மா ஸ்பேனர் பிடிச்சான், அவ்வளவுதான்னார்." அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "அவர் சொல்றதை நான் ஒத்துக்கல. ஸ்பேனர் பிடிச்ச கைக்கும் கணக்கு இருக்கு. ஆனா இந்தத் தாளை யாரும் இதுவரைக்கும் எந்த கோர்ட்டுலயும் காட்டலை. எந்த மனுவுலயும் நாம எழுதலை. எழுதுங்க செயலாளரே. நீங்க செஞ்சதும் வரணும், எனக்கு நடந்ததும் வரணும். அழகா எழுத வேண்டாம்."

அதுவரை ஒரு நாளும் அவரை அவள் செயலாளர் என்று கூப்பிட்டதில்லை. 'அண்ணே' போனது அவருக்குக் கேட்டது. தாளை இழுத்துக்கொண்டார்.

ஐந்து நாள் உட்கார்ந்து எழுதினார்கள். இந்த முறை ஒன்பது பக்கம்தான். புகைப்படம் எதுவும் இல்லை. தடுப்பை யார் கழற்றினார், யார் சொன்னார், எந்தத் தாளைப் பார்த்துச் சொன்னார், அந்தத் தாளை எழுதியவர் பட்டறையை ஒரு தரமாவது பார்த்திருக்கிறாரா என்று வரிசையாகப் போனது. முந்நூறு பட்டறைகளுக்கும் வேலை கொடுப்பவை நான்கே நான்கு பெரிய கம்பெனிகள். அந்த நான்கு பேரின் ஆர்டர் தாளில் நேரக் கணக்கை மாற்ற வைப்பது, தடுப்போடு ஓட்டினால் ஆகும் நேரத்தை விலையில் சேர்க்க வைப்பது, தடுப்பு இல்லாத பட்டறையில் சரக்கு எடுக்க மாட்டோம் என்று எழுதி வாங்குவது. இதற்குத்தான் ஏழு வருடம் வேண்டும் என்று முடித்தார்கள். சாட்சியாகக் கையெழுத்துப் போட்டதையும் ஏழரை எழுதினார். அந்த வரியைத் தலைவி வாசித்துவிட்டு, அப்படியே இருக்கட்டும் என்று தலையசைத்தாள்.

இரண்டு மாதம் கழித்து அறக்கட்டளையிலிருந்து இருவர் நேரில் வந்தார்கள். நரைத்த தலையோடு ஒருவர், கண்ணாடி போட்ட ஓர் அம்மா. மாடி அறையில் டீ குடித்துக்கொண்டே, அந்த அம்மா சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"உங்க செயலாளர் செஞ்சதை அவரே எழுதியிருக்கார். இவரை நம்பி இவ்வளவு பெரிய வேலையை நாங்க எப்படிக் கொடுக்கறது?"

ஏழரை தலை குனிந்தார். பதிலைத் தலைவி சொன்னாள்.

"நான் இன்னும் மன்னிக்கலைங்க. மன்னிப்பேனான்னும் தெரியல. அது எங்க ரெண்டு பேர் விஷயம். ஆனா தடுப்பை எப்படிக் கழட்டுவாங்க, கழட்டிட்டு எப்படி மறைப்பாங்க, யார் வந்தா மறுபடி மாட்டுவாங்க, இதெல்லாம் இவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது."

நரைத்த தலைக்காரர் குறிப்பேட்டை மூடிவைத்தார். "நிதி கிடைச்சா அதுல ஆஸ்பத்திரிச் செலவு எதுவும் எழுத முடியாது. தெரியும் இல்லையா?"

"தெரியும்" என்றார் ஏழரை. "ஆனா ஆஸ்பத்திரிக்குப் போறதை நிறுத்த மாட்டோம். அதை எங்க கைக்காசை வெச்சே பாத்துக்கறோம்."

நிதி கிடைத்தது. கேட்டபடியே ஏழு வருடத்துக்கு. அலுவலகத்தில் யாரும் துள்ளிக் குதிக்கவில்லை. வக்கீலம்மா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு மாதத்துக்குள் சண்டை வந்தது. அடிபட்டவனுக்கு ஆட்டோ வைக்கக் காசு இல்லை, ஆனால் கம்பெனிக்காரனோடு கூட்டம் போட மட்டும் பணம் இருக்கிறது என்று இரண்டு பேர் செயற்குழுவை விட்டுப் போனார்கள். கட்டைவிரல் போன அந்த உறுப்பினரும் அவர்களில் ஒருவர். போகும்போது ஏழரையைப் பார்த்து, "நீ கழட்டினேன்னு தெரிஞ்சும் உன்கூட உக்காந்திருக்க எனக்குத் தெம்பில்லை" என்றார். ஏழரை அவரைத் தடுக்கவில்லை. அடிபட்டவர்களுக்கென்று உறுப்பினர்கள் தனியாக ஒரு உண்டியல் வைத்தார்கள்.

ஏழரை கையில் ஒரு ஸ்டாப் வாட்சோடு பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். சில இடத்தில் நாற்காலி போட்டார்கள், சில இடத்தில் கதவைச் சாத்தினார்கள். தடுப்போடு எத்தனை வினாடி, இல்லாமல் எத்தனை வினாடி என்று முதல் இரண்டு வருடத்தில் நூற்றுப் பதினோரு மெஷின்களை அளந்தார். தலைவியும் வக்கீலம்மாவும் அந்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டு கம்பெனி கம்பெனியாகப் போனார்கள். ஒரு கம்பெனியின் கொள்முதல் அதிகாரி பத்து மாதம் இழுத்தடித்துவிட்டு, கடைசியில் ஒரு நாள் தானே பட்டறைக்கு வந்து அரை மணி நேரம் மெஷினில் உட்கார்ந்து பார்த்தார். வியர்த்து எழுந்தார். மூன்றாவது வருடம் அவர்களுடைய ஆர்டர் தாளில் நான்கு ஆறானது. இன்னொரு கம்பெனி ஐந்தரைக்கு வந்து நின்றுகொண்டது. மற்ற இரண்டும் இன்றைக்கு வரை அசைந்து கொடுக்கவில்லை. அவற்றில் ஒன்று, தொந்தரவே வேண்டாம் என்று ஆர்டரை வேறு நகரத்துக்கு மாற்றிவிட்டது. அதனால் வேலை போன நாற்பது பேர் சங்கத்து வாசலில் வந்து திட்டிவிட்டுப் போனார்கள். அதையும் ஏழரை நின்று கேட்டார். ஆண்டறிக்கையில் அதையும் எழுதினார்.

மாதத்துக்கு ஐந்து பேர் வந்த இடத்தில் இப்போது இரண்டு பேர் வருகிறார்கள். சில மாதம் மூன்று. ஒருவரும் வராத மாதம் என்று இதுவரை ஒன்றே ஒன்று போயிருக்கிறது. அந்த மாதக் கடைசி நாள் தலைவி கடையைச் சீக்கிரம் மூடிவிட்டுச் சங்கத்துக்கு வந்து, அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். வேலை விஷயமாக இருவரும் தினமும் பேசுகிறார்கள். ஏழரை வீட்டுக்கு அவள் வருவதில்லை. அவர் மனைவி மட்டும் எப்போதாவது ஜெராக்ஸ் கடைக்குப் போய், நகல் எடுக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் கொஞ்ச நேரம் நின்று பேசிவிட்டு வருவாள்.

இப்போது ஆறாவது வருடம். ஏழரைக்கு ஐம்பத்தாறு வயது. முழங்கால் வலிக்கிறது, மாடிப்படி ஏறச் சிரமப்படுகிறார். போன செவ்வாய்க்கிழமை, ஐந்தரை வினாடிக் கம்பெனிக்கு வேலை செய்யும் ஒரு பட்டறையிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். சுண்டுவிரலும் மோதிர விரலும். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்து பெஞ்சில் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தாள். ஏழரை பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மடியில் படிவம்.

"ஆறுறதுக்கு எத்தனை நாள் ஆகுங்க?" என்று கேட்டாள் அவள்.

"காயம் ஆறு வாரத்துல ஆறிடும்மா. குளிர்ல ஒரு ரெண்டு வருஷத்துக்கு வலிக்கும். ராத்திரி தூக்கத்துல விரல் இருக்கற மாதிரியே இருக்கும், பயப்பட வேண்டாம்னு சொல்லி வைங்க."

அவள் தலையாட்டினாள். அவர் பேனாவைத் திறந்து, அந்த மெஷினின் நம்பர் என்ன என்று கேட்டார்.